ஹேண்டில் மரியாதை

"வண்டிய நிறுத்தும் வே!"

"நிறுத்தியாச்சுல்லா அண்ணாச்சி? நிக்கது தெரியலியா?"

"உறுமிக்கிட்டுல்லா நிக்கி! பூசை முடியதுக்கு முன்ன வாகனம் உறுமப்பிடாது. அணைச்சுப் போடும்."

"அணைக்கேன். பின்ன எங்கிட்ட ஒண்ணும் கேக்கப்பிடாது. இது பட்டாளத்துக்காரன் ஓட்டித் தீத்துத் தள்ளிவிட்ட வண்டி. காலையில மார்த்தாண்டத்துல ஹேண்டில் போட்டு உசுப்புகதுக்குள்ள என் தோள்பட்டை எறங்கிப் போச்சு. ஒருக்கா அணைஞ்சா மறுபடி அதுக்கு எப்பம் மனசு வருமோ, நமக்குத் தெரியாது."

"பொறுப்பு எனக்கு."

டிரைவர் ஜெபசீலன் அணைத்துவிட்டான். கடம்பன்விளைக்கு வந்த முதல் பஸ், வந்து நின்ற இடத்திலேயே ஒரு தடவை குலுங்கி அடங்கியது.

பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் சிவதாணு. அவர்தான் ஊர் முதலடி. கோயில் காரியமும் ஊர்ப் பொதுக்காரியமும் அவர் கையில். தேரோட்டத்தன்று வடத்தை அவர் முதலில் தொட்டுக் கொடுத்தால்தான் மற்றவர்கள் இழுக்கலாம். அந்த உரிமை அவருடைய அப்பாவுக்கும் இருந்தது, அப்பாவின் அப்பாவுக்கும் இருந்தது. பஸ்ஸுக்கு வடம் கிடையாது என்று ஜெபசீலன் சொன்னபோது அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் அந்த முன்னால சொருகுக இரும்புக் கம்பி இருக்குல்லா, ஹேண்டில், அதாக்கும் வடம்" என்று முடிவு சொன்னார். ஹேண்டிலுக்குப் பட்டுத்துணி சுற்றப்பட்டது.

இந்த முடிவை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் கோலப்பன். அரிசி மில்லுக்காரர். "ஊருக்குப் பஸ் கேட்டு பஸ் மொதலாளி வீட்டுப் படி தேயத் தேய நடந்தது நானு. ஹேண்டில் பிடிக்கது அவரா?" என்று அவர் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பூசைக்கு முன்னால் சிவதாணு ஒரு பிரசங்கமும் செய்தார். சுதந்திரம் வந்தாச்சு, ஓட்டும் போட்டாச்சு, இனி நம்ம ஊர்ப் பெண்டுகளும் படிக்கணும், வெளியே போகணும், நாலு காரியம் பார்க்கணும் என்றெல்லாம் பேசினார். பெண்டுகள் கூட்டத்தில் நின்ற அவர் மனைவி சொர்ணம்மாள் முழுவதையும் கேட்டாள். கைதட்டவில்லை.

அவள் கைதட்டாததற்குக் காரணம் இருந்தது. மகள் சண்முகவடிவு ஆசிரியைப் பயிற்சி முடித்து வீட்டில் இருக்கிறாள். தக்கலையில் ஒரு பெண்பள்ளிக்கூடத்தில் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. இன்று மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். உத்தரவு வந்த அன்றைக்கே வீட்டில் இந்தப் பேச்சு நடந்தது.

"புள்ளைக்கு வேல வந்திருக்கு, பாத்தியளா?"

"பஸ் இல்லாத ஊர்லேருந்து பொம்பளப்பிள்ள எப்படி நித்தமும் போய் வருவா? பஸ் வரட்டும், பாப்பம்."

பஸ் வரப்போகிறது என்று தெரிந்ததும் மறுபடி நடந்தது.

"பஸ் வருகுல்லா?"

"வந்தா போருமா? ஓடுகான்னு பாக்கண்டாமா? ஒரு வருசம் ஓடட்டும், பாப்பம்."

சிவதாணு 'பாப்பம்' என்று சொல்லி அப்புறம் பார்த்த காரியம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. எனவே சொர்ணம்மாள் அன்று காலை வேறு வழி பார்த்தாள். ஊரே பஸ்ஸின் முன்பக்கம் மாலையும் சந்தனமுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது, மகளைப் பின்பக்கமாகக் கூட்டிவந்து கடைசி சீட்டில் உட்காரவைத்தாள். பக்கத்தில் சுலைகா பீவி. தேங்காப்பட்டணத்திலிருந்து துணி கொண்டுவந்து வீடு வீடாக விற்கிறவள். தக்கலைக்குப் போவதற்காக முதல் ஆளாக ஏறி இருந்தாள்.

"மதினி, பிள்ளைய கொஞ்சம் மறைச்சுக்கிடுங்கோ."

"நீ போ சொர்ணம். என் துப்பட்டி ரெண்டு ஆளுக்குக் காணும். மோளே, இப்படி ஒடுங்கி இரி. ஒன் வாப்பா பின்னால எல்லாம் வரமாட்டாரு. பெரிய மனுசங்க எப்பமும் முன்னாலயாக்கும் நிப்பாவ."

அது சரியான கணக்காகத்தான் இருந்தது.

முன்னால் கோயிலில் பூசை வைக்கிற போற்றி செம்பை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"அபிசேகம் எங்க பண்ணணும்?"

"மூலஸ்தானம் எங்க இருக்கோ அங்க" என்றார் சிவதாணு. "டிரைவரு, மூடியத் திறவும்."

ஜெபசீலன் பானெட்டைத் திறந்தான். திறந்த பிறகுதான் எதற்கென்று அவனுக்குப் புரிந்தது.

"அய்யோ, அண்ணாச்சி! இஞ்சினுக்கு மேல தண்ணி படப்பிடாது!"

"இளநி தண்ணியா வே? நாலெழுத்துப் படிச்சவரு மாதிரி பேசும்."

இளநீர் இறங்கியது. கோலப்பன் விடுவாரா? "ஊருக்குப் பொதுவா ஒரு இளநி. மில்லு வகையா ரெண்டு. பின்ன பன்னீரும் உண்டு" என்று தன் ஆளைக் கூப்பிட்டார். சிவதாணு உடனே ஒரு குடம் பாலுக்குச் சொல்லி அனுப்பினார். பால் வருவதற்குள் ஜெபசீலன் பானெட்டைச் சாத்தி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கொன்னாலும் எறங்கமாட்டேன்!"

பால் முன்சக்கரத்துக்கு ஊற்றப்பட்டது.

பிறகு ஹேண்டில். சிவதாணு துண்டை இடுப்பில் கட்டி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, ஹேண்டிலைச் சொருகி ஒரு சுற்று சுற்றினார். இரண்டு. மூன்று. இஞ்சினுக்குள் எதுவோ முனகிவிட்டுப் பேசாமல் இருந்தது.

"சோக்கை இழும் வே" என்றார் டிரைவரிடம். அந்தச் சொல்லை அவர் அன்று காலையில்தான் கேட்டிருந்தார்.

"இழுத்துத்தான் இருக்கு. போரும், விடும். நான் முதல்ல இஞ்சினைத் துடைக்கட்டும்."

"நான் தொட்டு ஆரம்பிச்ச காரியம், பாதியில விடமுடியுமா?"

ஆறாவது சுற்றில் அவருக்கு மூச்சு முட்டியது. கோலப்பன் ஒரு சிரிப்பை மெல்ல மென்றுகொண்டே முன்னால் வந்தார்.

"மாறும் முதலடி. வாகனம் ஒம்ம கைய ஏத்துக்கிடலன்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. யாரு கைக்கு இது எழும்புகோ, அவனாக்கும் இனி ஊருக்குப் பெரியவன்."

"அப்படியா? பிடியும். பாப்பம்."

"நீங்க பாப்பமுன்னா வெளங்கினாப்பிலதான்" என்று பெண்டுகள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. சொர்ணம்மாள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் ஜெபசீலன் தன் தோள்துண்டால் இஞ்சினுக்குள் நனைந்த இடங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். "மில்லு அண்ணாச்சி, பெருவிரலை மடக்கிப் பிடிக்காதேயும். திருப்பி அடிச்சுப்போடும்" என்று சொன்னான். மில்லில் ஆயில் இஞ்சின் வைத்திருக்கிறவரிடம் இதைச் சொல்லலாமா? கோலப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஐந்து விரலையும் இறுக்கிப் பிடித்து ஒரு வீசு வீசினார். துடைத்ததன் பலனோ என்னவோ, இஞ்சின் ஒரே ஒரு தடவை இருமியது. ஹேண்டில் எதிர்ப்பக்கம் சுழன்று அவரைத் தூக்கி, பால் ஊற்றிய சக்கரத்தின் பக்கத்தில் உட்காரவைத்தது.

சிவதாணுவுக்கு அன்று காலையில் முதல் சந்தோஷம் அதுதான்.

"என்ன வே, ஒம்மள ஏத்துக்கிட்டுதோ? இருக்கச் சொல்லி எடமெல்லாம் குடுத்திருக்கு!"

"இருமிச்சா இல்லியா? ஒம்ம கைக்கு அதுகூட இல்ல!" என்றார் கோலப்பன், மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே.

இருமிவிட்டது என்றதும் ஊரில் மரியாதை உள்ள எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. தெற்குத்தெரு வகைக்கு ஒரு கை, வடக்குத்தெரு வகைக்கு ஒரு கை, குளத்துமடை பார்க்கிறவருக்கு ஒரு கை என்று வரிசை நின்றது. வரிசையில் யார் முந்தி யார் பிந்தி என்று ஒரு சண்டை நடந்து, அது முடிந்த பிறகு ஒவ்வொருவராகச் சுற்றினார்கள். யாருக்கும் எழும்பவில்லை. யாருக்கும் எழும்பவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதியும் இருந்தது.

சுற்றி ஓய்ந்தவர்கள் காரணம் தேட ஆரம்பித்தார்கள்.

"பெட்ரோல் இருக்கா வே?"

"இருக்கு."

"பாத்தீரா?"

"குச்சி விட்டுப் பாத்தாச்சு."

"குச்சி எந்த மரத்துக் குச்சி?"

ஜெபசீலன் மறுபடி இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

"கண்ணேறாக்கும். பக்கத்து ஊர்க்காரன் ரெண்டுபேரு காலையிலே வந்து பாத்துக்கிட்டு நின்னான்."

"அதொண்ணும் இல்ல. புலை உள்ளவன் எவனோ தொட்டிருக்கான். யாருடே வீட்டுல எளவு விழுந்தது? ஒளிக்காம சொல்லணும்."

கொஞ்ச நேரம் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் மடைக்காரர் தயங்கித் தயங்கி, தன் மனைவியின் சித்தப்பாவுக்கு இரண்டாம் கட்டில் வந்த மகன் வள்ளியூரில் இறந்ததாகத் தகவல் வந்தது, ஆனால் சரியாகத் தெரியாது என்றார். அவரைக் குளத்துக்கு அனுப்பிக் குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். அவர் ஈரத்தோடு வந்து மறுபடி சுற்றினார். வண்டி அப்படியே நின்றது. அவர் தும்மினார்.

கடைசி சீட்டில் சண்முகவடிவு துப்பட்டிக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள். வெயில் தென்னைமரத்தின் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. சொர்ணம்மாள் சும்மா நடக்கிறவள் போல ஜன்னலோரம் வந்தாள்.

"அம்மா, நான் எறங்கி நடந்திரட்டா?"

"நடந்தா பள்ளிக்கூடம் விட்ட பொறவுதான் போய்ச் சேருவே. இரி."

"இந்த வண்டி இன்னைக்கு எழும்பாதும்மா. எல்லாருமா சேந்து அதக் கொன்னாச்சு."

"எழும்பும். ஒங்க அப்பாவையே நான் இத்தன வருசம் எழுப்பி நடத்துகேன். இது என்ன, வெறும் இரும்புதானே?"

சுலைகா பீவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சொர்ணம்மாள் நேரே டிரைவரிடம் போனாள். அவன் பிளக்குகளைக் கழற்றி வெயிலில் ஒரு ஓலைப்பாயில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ளத சொல்லும் தம்பி. இது போகுமா?"

"போகும் அக்கா. இளநி ஈரம் காஞ்சாச்சு. ஆனா இவியோ சோக்கை இழுத்துவச்சுச் சுத்திச் சுத்தி இஞ்சினுக்குள்ள பெட்ரோலைக் கொளமாக் கட்டிப்போட்டாவ. இனி ஹேண்டிலுக்கு அது மசியாது. பிளக்கை மாட்டிட்டு, பத்துப்பேரு பின்னால நின்னு எறக்கத்துல தள்ளினா, ரெண்டாம் கியர்ல போட்டுக் கிளச்சை விட்டா பிடிச்சுக்கிடும். பிடிச்சா பின்ன நான் நிறுத்தமாட்டேன். யாரு கூப்பிட்டாலும் நிறுத்தமாட்டேன்."

இதை அவன் கூட்டத்தைப் பார்த்தும் ஒருமுறை உரக்கச் சொன்னான்.

"தள்ளணும்!"

ஹேண்டிலுக்கு அடித்துக்கொண்ட கூட்டம் அப்படியே இரண்டடி பின்வாங்கியது. ஒருவர் வானத்தைப் பார்த்து, மழை வருமா என்று கேட்டார். இன்னொருவருக்கு முதுகுவலி நினைவுக்கு வந்தது.

"தள்ளுகதுக்கு வேலையாட்களக் கூப்பிடும்" என்றார் சிவதாணு.

"வேலையாளா?" என்றார் போற்றி. "பூசை நடக்க எடத்துல கண்டவனும் நிக்கப்பிடாதுன்னு நீருதானே காலையிலயே அவுங்கள வயலுக்கு வெரட்டினீரு?"

"அப்பம் அவுங்க வரட்டும். சாயங்காலம் தள்ளிக்கிடுவோம்."

சாயங்காலம் என்ற சொல் சொர்ணம்மாளின் காதில் விழுந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்கள் கூட்டத்துக்குள் வந்தாள். அவள் அப்படி வருவது வழக்கமில்லை என்பதால் வழி தானாகக் கிடைத்தது.

"இங்க பாருங்கோ, எனக்கு ஒரு சந்தேகம். கேக்கலாமா?"

"இப்பமா? வீட்டுல வச்சுக் கேளு."

"தேர்க் காரியமாக்கும். வீட்டுல வச்சுக் கேட்டா தோசம். தேரு நடுத்தெருவுல ஒறைஞ்சு நின்னுபோச்சுன்னா என்ன செய்வியோ?"

"பின்னால தடி போட்டு நெம்புவோம். இது தெரியாதா?"

"ஊரே வடத்தப் பிடிச்சு இழுத்தாலும் அசையாத தேரு, தடி போட்டா நகந்திரும், இல்லியா?"

"நகரும்."

"அப்பம் சாமிய நகத்துகது யாரு? வடம் தொட்டவரா, தடி போட்டவரா?"

சிவதாணு வாயைத் திறந்தார். பரம்பரையாக வடம் தொடுகிறவர் இதற்கு என்ன சொல்வது? அவர் யோசிப்பதற்குள் கோலப்பன் குதித்து எழுந்தார்.

"சரியாச் சொன்னியோ மதினி! வடம் வெறும் காட்சிக்கு. தடியாக்கும் காரியம். முதல் தடி மில்லு வகை!"

"யாரு வே சொன்னது?" சிவதாணுவின் குரல் ஏறியது. "வடம் யாருக்கோ தடியும் அவனுக்கு! பின்பக்கம் நடுஸ்தானம் முதலடிக்கு!"

"நீரு முன்னால நின்னுக்கிடும். பட்டுத்துணியும் ஒமக்குத்தான்!"

இருவரும் பின்பக்கம் ஓடினார்கள். அவர்கள் ஓடியதைப் பார்த்து மற்ற மரியாதைக்காரர்களும் ஓடினார்கள். முதுகுவலிக்காரர் வலது மூலையைப் பிடித்தார். குளித்துவந்த மடைக்காரர் ஏணிக்குக் கீழே ஒரு இடம் சம்பாதித்தார். ஜெபசீலன் அவசர அவசரமாகப் பிளக்குகளை மாட்டினான்.

சொர்ணம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பக்கம் நிற்பார்கள் என்று கணக்குப் பண்ணி மகளைப் பின்பக்கம் உட்காரவைத்தவள், தானே இப்போது எல்லோரையும் பின்பக்கம் அனுப்பிவிட்டாள்.

சிவதாணு நடுஸ்தானத்தில் நின்று, இரண்டு கையையும் வண்டியின் முதுகில் ஊன்றித் தலையை நிமிர்த்தினார். முகத்துக்கு நேரே பின்ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு துப்பட்டி. துப்பட்டிக்கு வெளியே தெரிந்த மூக்கு அவருடைய குடும்பத்து மூக்கு.

"ஏட்டி!"

துப்பட்டி விலகியது.

"நீ என்னட்டி இங்க?"

"பள்ளிக்கூடத்துக்குப்பா. இன்னைக்குச் சேரணும்லா?"

"நான் பாப்பமுன்னுல்லா சொன்னேன்? எறங்கு!"

சண்முகவடிவு எழுந்திருக்கவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நான் எறங்கமாட்டேம்பா" என்றாள். சத்தம் பெரிதாக வரவில்லை. ஆனாலும் கேட்டது.

"முதலடி, மொதலாளி மாதிரி நின்னு பேசுகதுக்கா எடம் பிடிச்சீரு?" என்றார் கோலப்பன் இடதுபுறத்திலிருந்து. பிறகு எட்டிப் பார்த்தார். "அட, நம்ம பிள்ளையா! வேலைக்கா போறே மக்கா? காலையில அப்பா பேசின பேச்சு பொய்யோன்னுல்லா நான் நெனச்சேன். ஓய், என்ன இது, கதவுப் பக்கமா போறீரு? பிள்ளைய எறக்கவா? போயிட்டு வாரும், போயிட்டு வாரும். நடுஸ்தானத்துல நான் நிக்கேன். பிள்ளைக்க வேலை போனா என்ன, தடி மரியாதை வீணாப் போகண்டாமே."

சிவதாணு ஒரு கையை எடுத்திருந்தார். கோலப்பனின் தோள் அந்த இடத்துக்கு நகர்ந்துவந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு வரைக்கும் பத்தடி இருக்கும். போய் அவளை இறக்கிக் கூட்டிவந்தால், காலையில் பேசிய பிரசங்கம் போகும். நடுஸ்தானமும் போகும். நாளைக்கு மில்லில் நெல் குத்த வருகிற ஒவ்வொருவரிடமும் கோலப்பன் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்.

"தள்ளி நில்லும் வே!" என்றார் சிவதாணு. எடுத்த கையை மறுபடி ஊன்றினார். "என் மகள அனுப்புகதுக்கு நீரு யாரு? நானாக்கும் தள்ளி அனுப்புகேன்! பின்ன எதுக்கு வந்து நிக்கேன்னு நெனச்சீரு?"

ஜன்னலுக்குள்ளே சுலைகா பீவி, "அல்லாவே, மனுசன் பொழச்சாரு" என்றாள்.

"ஆகட்டும்!" என்று ஜெபசீலன் முன்னாலிருந்து கத்தினான்.

தேர் இழுக்கிற அதே கூப்பாட்டோடு தள்ளினார்கள். சக்கரம் பாலில் நனைந்த மண்ணிலிருந்து எழும்பி, நகர்ந்து, குளத்தங்கரை இறக்கத்தில் உருண்டது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் தள்ளியதால் பஸ் நினைத்ததைவிட வேகமாகப் போனது. ஜெபசீலன் கிளச்சை விட்டான். வண்டி ஒரு தடவை விக்கியது. அப்புறம் காலையிலிருந்து குடித்த பெட்ரோல் அத்தனையையும் ஒரே மூச்சில் கரும்புகையாக விட்டு உறுமியது. நடுஸ்தானத்துக்குத்தான் அதிகப் புகை.

பஸ் நிற்கவில்லை. சொன்னபடியே, யார் கூப்பிட்டும் நிற்கவில்லை. முதல் பயணம் போவதற்கு வெள்ளைவேட்டி கட்டி வந்திருந்த பெரிய மனிதர்கள் அத்தனைபேரும் ரோட்டில் நின்றார்கள். உள்ளே இருந்தது இரண்டு பெண்டுகள் மட்டும். ஒருத்தி ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். தனக்குத்தான் காட்டுகிறாள் என்று நினைத்துக் கோலப்பன் கும்பிடு போட்டார்.

சிவதாணுவுக்கு முகம், சட்டை, நெற்றித் திருநீறு எல்லாம் கறுத்திருந்தது.

"பாத்தீரா வே? என் கைக்குத்தான் எழும்பிச்சு" என்றார்.

"என் இடது தோளுக்காக்கும் எழும்பிச்சு" என்றார் கோலப்பன். அந்தச் சண்டை சாயங்காலம் வரை நடந்தது.

சாயங்காலம் பஸ் திரும்பி வந்தது. சண்முகவடிவு இறங்கினாள்.

"சேந்தாச்சுப்பா. ரெண்டாங்கிளாஸ் தந்திருக்காவ."

"ம். சேராம என்ன? நான்லா அனுப்பினேன்."

ஜெபசீலன் இறங்கிச் சோம்பல் முறித்தான். "ராத்திரி இங்கதான் கெடக்கும் வண்டி. விடியக்காலம் எடுக்கணும். இனி எனக்கு ஹேண்டில் சுத்த வயசில்ல. யாராச்சும் வந்து தள்ளினாத்தான் உண்டு."

வீட்டுக்கு வந்து சிவதாணு கிணற்றடியில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கரி பாதிதான் போனது. சொர்ணம்மாள் துண்டோடு நின்றாள்.

"நாளைக்கும் போவாளோ?"

"வேலன்னா பின்ன நித்தமும்தான்."

அவர் துண்டை வாங்கினார். துடைத்தார்.

"இந்தக் கோலப்பன் காலையில எப்பம் எழும்புவான்?"

"எனக்கென்ன தெரியும்? கோழி கூவ மில்லு திறப்பாருன்னு சொல்லுகாவ."

"அப்பம் நீ கோழிக்கு முன்ன என்னை எழுப்பிரு" என்றார் சிவதாணு. "நடுஸ்தானத்த விட்டிரப்பிடாது."